எட்கர் ஆலன் போ எப்படி இறந்தார்? சாட்சிகளும் இரண்டு அடக்கங்களும்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1849 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40. நான்கு நாட்களுக்கு முன் ஒரு மதுக்கடையில், வேறு யாருடையதோ போன்ற உடைகளில், தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்ல இயலாத நிலையில் அவர் கண்டெடுக்கப்பட்டார் என்பதும், அதற்கு முந்தைய ஐந்து நாட்கள் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு நம்பத்தக்க தடயம் ஏதும் இல்லை என்பதும் இந்த மரணத்தை ஒன்றே முக்கால் நூற்றாண்டாகப் பேசுபொருளாக வைத்திருக்கின்றன. குடி, வெறிநாய்க்கடி, மூளைக்கட்டி, காலரா, பாதரச நஞ்சு, கார்பன் மோனாக்சைடு, தேர்தல் ரவுடிகளின் அடி உதை என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றில் எது சரி என்று தேடப் புகுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு காரணமும் எந்தச் சாட்சியின் பேச்சின் மேல் நிற்கிறது, அந்தச் சாட்சி அதை எந்த ஆண்டில், யாருக்காக, என்ன நோக்கத்தோடு சொன்னார் என்று பார்த்தாக வேண்டும். போவின் மரணம் புதிரானதற்கு நோயின் தன்மையை விட, அவரைக் கடைசியாகப் பார்த்தவர்கள் அந்த மரணத்தைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டதே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1849 கோடைகாலத்தை அவர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் கழித்தார். மனைவி வர்ஜீனியா காசநோயால் 1847 ஜனவரியில் இறந்துவிட்டிருந்தார். சொந்தமாக ஓர் இலக்கிய இதழ் தொடங்குவது அவருடைய நெடுநாள் கனவு. அதற்குச் சந்தா திரட்டுவதற்காகவே அவர் சொற்பொழிவுப் பயணம் கிளம்பியிருந்தார். ரிச்மண்டில் அவருடைய வாழ்க்கை சீராகத் திரும்பிக்கொண்டிருந்ததற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஆகஸ்ட் மாத இறுதியில் அங்கே ஒரு மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து, குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். இளமையில் தாம் காதலித்து, பெண்ணின் தந்தை மறுத்ததால் கைகூடாமல் போன எல்மைரா ஷெல்டனை, அவர் கைம்பெண்ணாக இருந்த அந்நாளில் மீண்டும் சந்தித்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ளும் எண்ணத்தில் இருந்தனர். ஆனால் அதே கோடையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜூலைத் தொடக்கத்தில், ரிச்மண்டுக்கு வரும் வழியில் பிலடெல்பியாவில் அவர் கடுமையாக நோயுற்றார். அந்நகரில் அப்போது காலரா பரவியிருந்தது. யாரோ தன்னைக் கொல்லத் தொடர்வதாக அஞ்சி, செதுக்கோவியரும் பதிப்பாளருமான ஜான் சார்ட்டெயினிடம் அடைக்கலம் கேட்டார். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்ததாகவும் சொன்னார். அக்டோபரில் நடந்ததன் சாயல் ஜூலையிலேயே தெரிகிறது என்பதைப் பல கோட்பாட்டாளர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 26 மாலை அவர் எல்மைராவிடம் விடைபெறப் போனார். மிகவும் சோர்ந்திருந்தார், உடம்பு சரியில்லை என்றார், நாடி பார்த்தபோது நல்ல காய்ச்சல் இருந்தது என்று எல்மைரா பின்னர் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அன்றிரவு ரிச்மண்டில் தமக்குத் தெரிந்த மருத்துவர் ஜான் கார்ட்டரின் அறைக்கும் போ சென்றிருக்கிறார். கிளம்பும்போது தம் கைத்தடியை அங்கேயே விட்டுவிட்டு, மருத்துவரின் கைத்தடியைத் தவறுதலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதிகாலை நீராவிக் கப்பலில் பால்டிமோருக்குப் புறப்பட்டார். பயணத் திட்டம் தெளிவானது. பிலடெல்பியாவில் ஒரு பெண்மணியின் கவிதைத் தொகுப்பைச் செப்பனிட்டுத் தர 100 டாலர் பேசியிருந்தார். அங்கிருந்து நியூயார்க் சென்று, அத்தையும் மாமியாருமான மரியா கிளெம்மை ரிச்மண்டுக்கு அழைத்து வர வேண்டும். கப்பல் ஏறும்போதே அவருக்குக் காய்ச்சல் இருந்தது என்ற ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. மரணத்துக்கான விதை பால்டிமோரில்தான் விழுந்தது என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்வதை அது தடுக்கிறது.

அடுத்து அவர் தென்படுவது அக்டோபர் 3, புதன்கிழமை. பால்டிமோரின் லோம்பார்ட் தெருவில் 'கன்னர்ஸ் ஹால்' என்ற மதுக்கடை இருந்தது. அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்தல்; அந்தக் கடையே நான்காவது வார்டின் வாக்குச்சாவடி. அச்சுக்கோப்பாளரான ஜோசப் வாக்கர் என்பவர் அங்கே போவை அடையாளம் கண்டு, அதே நகரில் இருந்த மருத்துவரும் முன்னாள் பத்திரிகை ஆசிரியருமான ஜோசப் ஸ்னாட்கிராசுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். சற்றே சீர்கெட்ட நிலையில் ஒரு கனவான் இங்கே இருக்கிறார், எட்கர் ஏ. போ என்று பெயர் சொல்கிறார், பெரும் துன்பத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, உங்களைத் தெரியும் என்கிறார், உடனடியாக உதவி தேவைப்படுகிறது என்பதே அதன் சாரம். சில வரிகளே கொண்ட இந்தச் சீட்டுதான், நிகழ்வு நடந்த நாளிலேயே எழுதப்பட்டுக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சியம். அதில் குடி என்ற சொல்லே இல்லை.

ஸ்னாட்கிராஸ் வந்து பார்த்ததைப் பின்னாளில் விரிவாகவே எழுதினார். முகம் கழுவப்படாமல் வீங்கியிருந்தது. தலைமுடி கலைந்து கிடந்தது. பட்டை கழன்று நைந்துபோன பனையோலைத் தொப்பி, தையல் விட்டு நிறம் மங்கிய மெல்லிய அல்பாக்கா மேலங்கி, அளவு பொருந்தாத பழைய கால்சட்டை, அழுக்கேறிக் கசங்கிய சட்டை. கழுத்துப்பட்டையும் இல்லை, உள்ளங்கியும் இல்லை. வறுமையிலும் கறுப்பு உடையைத் துலக்கித் துடைத்து மிடுக்காக அணிந்து பழகியவர் போ என்பதால், இந்த விவரிப்பைப் படித்த எல்லோருக்கும் உடைகள் அவருடையவை அல்ல என்ற முடிவே வருகிறது. அவற்றை யார் மாற்றினார்கள், அவரே விற்றாரா, திருடப்பட்டனவா என்பதற்கு விடை இல்லை. போவின் அத்தை ஒருவரை மணந்திருந்த ஹென்றி ஹெரிங்கும் அங்கே வந்தார். ஆனால் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முன்வரவில்லை. முன்பு ஒருமுறை போதையில் தம்மிடம் மோசமாக நடந்துகொண்டார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் வண்டி ஒன்றில் ஏற்றி வாஷிங்டன் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போவின் அந்திமக் கதையில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்: சொந்தக்காரரும் இருந்தார், நண்பரும் இருந்தார், ஒரு படுக்கை தர மட்டும் அந்த நகரில் யாரும் இல்லை.

மருத்துவமனையில் அவரைக் கவனித்தவர் அங்கேயே தங்கிப் பணியாற்றிய இளம் மருத்துவர் ஜான் மோரன். போ இறந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு, நவம்பர் 15 அன்று, மரியா கிளெம்முக்கு அவர் எழுதிய கடிதமே அந்த நான்கு நாட்களைப் பற்றிய முதன்மை ஆவணம். புதன் மாலை 5 மணிக்குக் கொண்டுவரப்பட்டபோது யார் கொண்டுவந்தது என்றுகூட அறியாத நிலை. மறுநாள் அதிகாலை 3 மணி வரை அப்படியே இருந்தார். பின்னர் கைகால் நடுக்கம். மூர்க்கமில்லாத, ஆனால் ஓயாத பிதற்றல். சுவரில் தெரிவதாக அவர் எண்ணிய உருவங்களோடு பேச்சு. முகம் வெளுத்து, உடல் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டாம் நாளில் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலும் அவை கோவையாக இல்லை. ரிச்மண்டில் தமக்கு மனைவி இருப்பதாகச் சொன்னார். எப்போது ஊரை விட்டுக் கிளம்பினார், பெட்டி படுக்கை என்னவாயிற்று என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. விரைவில் நண்பர்களைச் சந்திக்கலாம் என்று ஆறுதல் கூறியபோது, தன் உற்ற நண்பன் தனக்குச் செய்யக்கூடிய நன்மை கைத்துப்பாக்கியால் தன் மூளையைச் சிதறடிப்பதே என்று பதிலளித்தார். பிறகு மூர்க்கம் ஏறியது. படுக்கையில் பிடித்து வைக்க இரண்டு செவிலியர் தேவைப்பட்டனர். சனிக்கிழமை மாலை முதல் 'ரெனால்ட்ஸ்' என்ற பெயரை இரவெல்லாம் அழைத்தார். ஞாயிறு அதிகாலை 3 மணிக்குப் பின் அடங்கினார். தலையை மெல்ல அசைத்து, 'இறைவா, என் பாவப்பட்ட ஆன்மாவுக்கு உதவு' என்று சொல்லி உயிர்விட்டார்.

இந்தக் கடிதம் ஓரளவு நம்பத்தக்கது என்றே கொள்கிறேன். தாயைப் போன்ற ஒருவருக்கு எழுதியது என்பதால் மென்மைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் துப்பாக்கி பற்றிய வாக்கியம் போன்ற கசப்பான செய்திகளை அவர் மறைக்கவில்லை. சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. போவின் புகழ் வளர வளர மோரனின் நினைவும் வளர்ந்தது. 1875இல் ஒரு செய்தித்தாளுக்கு எழுதினார். பிறகு மேடைகளில் சொற்பொழிவாற்றினார். 1885இல் தனி நூலே வெளியிட்டார். அவற்றில், பிதற்றிக்கொண்டிருந்த நோயாளி அண்டத்தையும் ஆண்டவனையும் பற்றி மேடைப் பேச்சுப் போன்ற நீண்ட வாக்கியங்களைப் பேசுகிறார். மது வாடையே இல்லை என்று அடித்துச் சொல்லப்படுகிறது. இறந்த நேரமும், கண்டெடுக்கப்பட்ட இடமும்கூட மாறுகின்றன. எந்த மருத்துவரும் 36 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோயாளியின் வாய்மொழியை முன்பைவிட விரிவாக நினைவுகூர்வதில்லை. ஆகவே 1849 மோரனையும் 1885 மோரனையும் இரண்டு வெவ்வேறு சாட்சிகளாக நடத்துவதே முறை. பின்வந்தவரை மேற்கோள் காட்டும் எந்த மருத்துவக் கோட்பாடும் அடித்தளம் இல்லாதது.

ஸ்னாட்கிராஸ் எதிர்த்திசையில் இதையே செய்தார். அவர் மதுவிலக்கு இயக்கத்தின் தீவிரப் பரப்புரையாளர். குடி ஒரு மேதையை எப்படி அழித்தது என்பதற்கு அவருக்குக் கண்முன்னே ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. தமக்கு வந்த சீட்டைப் பற்றிப் பின்னர் எழுதியபோது, போ விலங்கைப் போன்ற போதையில் கிடந்ததாக வாக்கர் குறிப்பிட்டிருந்ததாகச் சொன்னார். மூலச் சீட்டில் அந்தச் சொற்கள் இல்லை என்பதை மேலே பார்த்தோம். நல்ல நோக்கத்துக்காகச் செய்த திருத்தம் என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆயினும் ஒரு மனிதரின் மரணத்தைப் பற்றிய ஆவணத்தில் சொல்லை மாற்றுவது சிறிய பிழை ஆகாது. அவர் விவரித்த உடைகளையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

மூன்றாவது ஒருவர் பால்டிமோரிலேயே இல்லை. தொகுப்பாசிரியரான ரூஃபஸ் கிரிஸ்வோல்டுக்கும் போவுக்கும் பல ஆண்டுப் பகை இருந்தது. அக்டோபர் 9 அன்று 'நியூயார்க் ட்ரிப்யூன்' நாளிதழில், 'லுட்விக்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய இரங்கல் குறிப்பு, போ இறந்துவிட்டார், இந்தச் செய்தி பலரைத் திடுக்கிட வைக்கும், ஆனால் சிலரே வருந்துவார்கள் என்று தொடங்கியது. போ எழுதி அதுவரை அச்சேறாதிருந்த கடைசிக் கவிதையான 'அனபெல் லீ' அந்தக் குறிப்போடு சேர்த்தே வெளியிடப்பட்டது. மரியா கிளெம் படைப்புகளின் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்க, 1850இல் தொகுதிகளோடு வெளிவந்த வாழ்க்கைக் குறிப்பில் போ குடிகாரராக, நன்றி கெட்டவராக, ஒழுக்கமற்றவராகச் சித்திரிக்கப்பட்டார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் சிலவற்றில் கிரிஸ்வோல்ட் வரிகளை இடைச்செருகியிருந்ததை ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் மூலங்களோடு ஒப்பிட்டு மெய்ப்பித்தார். இடைப்பட்ட சுமார் 90 ஆண்டுகள் வாசகர்கள் அந்தச் சித்திரத்தின் வழியாகவே மரணத்தையும் பார்த்தார்கள்.

காகிதங்கள் எதுவும் மிஞ்சவில்லை என்பது இவர்கள் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. மருத்துவமனைக் குறிப்புகள் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை. பிணக்கூறு ஆய்வு நடந்ததாகத் தெரியவில்லை. செய்தித்தாள்கள் மூளையில் இரத்தம் தேங்கியதே காரணம் என்று எழுதின. அக்காலத்தில் காரணம் தெரியாத மரணத்துக்கும், குடியால் நேர்ந்ததை நாகரிகமாக மறைக்க வேண்டிய மரணத்துக்கும் இத்தகைய சொற்றொடரையே பயன்படுத்துவது வழக்கம் என்பதால், அதிலிருந்து எந்தப் பக்கமும் ஊகிக்க வழியில்லை. போவின் உறவினரும் வழக்கறிஞருமான நீல்சன் போ, மருத்துவமனைக்குச் சென்றும் நோயாளியைப் பார்க்க அனுமதிக்கப்படாமல் மாற்றுத் துணிகளை மட்டும் அனுப்பிவைத்தவர். அவர் அக்டோபர் 11 அன்று மரியா கிளெம்முக்கு எழுதிய கடிதத்தில், எட்கர் எப்போது இந்த நகருக்கு வந்தார், எங்கே தங்கினார், எந்தச் சூழலில் இருந்தார் என்பதைத் தம்மால் கண்டறிய முடியவில்லை என்கிறார். உள்ளூர்க்காரர், சட்டம் படித்தவர், நிகழ்வு நடந்த அதே வாரத்தில் விசாரித்தும் கிடைக்காத செய்தி, தலைமுறைகள் கழித்து எழுதியவர்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும் என்பது நியாயமான கேள்வி.

அடக்கத்திலும் இதே அலட்சியம் தொடர்ந்தது. அக்டோபர் 8, திங்கட்கிழமை மாலை, ஃபாயெட் தெருவும் கிரீன் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கல்லறைத் தோட்டத்தில், தாத்தா டேவிட் போவின் குடும்ப நிலத்தில் அவர் புதைக்கப்பட்டார். ஹெரிங் சவப்பெட்டி கொடுத்தார். நீல்சன் சவவண்டிக்கு ஏற்பாடு செய்தார். பெட்டிக்குக் கைப்பிடிகள் இல்லை, பெயர்த்தகடு இல்லை, உள்ளே துணி விரிக்கவில்லை, தலைக்கு அணையும் வைக்கவில்லை. வந்தவர்கள் பத்துப் பேருக்குள்தான்: ஹெரிங், நீல்சன், ஸ்னாட்கிராஸ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உடன் படித்த ஒரு வழக்கறிஞர், இன்னும் சிலர். சடங்கை நடத்திய போதகர், போவுக்கு மனைவி வழியில் உறவினர். இவ்வளவு குறைந்த கூட்டத்துக்கு இரங்கலுரை வேண்டாம் என்று அவர் முடிவு செய்ய, எல்லாம் மூன்று நிமிடங்களில் முடிந்தது. நியூயார்க்கில் இருந்த மரியா கிளெம்முக்குச் செய்தியே பத்திரிகை வழியாகத்தான் எட்டியது. அவர் வந்து சேரும்வரை காத்திருந்திருந்தால், உடலைப் பார்த்த, கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒருவராவது இருந்திருப்பார். எதையோ மறைக்கத்தான் அவசரமாகப் புதைத்தார்கள் என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்ததற்கு இந்த வேகம் இடம் கொடுத்தது. எனக்கு அதில் சதி தெரியவில்லை. சங்கடமான ஒரு உறவினரின் காரியத்தைச் சிக்கனமாக முடித்துவிடும் மனநிலைதான் தெரிகிறது.

கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. புல் மண்டிப்போன இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ள, கல்லறைக் காவலர் ஜார்ஜ் ஸ்பென்ஸ் 80 என்ற எண் பொறித்த மணற்கல் ஒன்றை நட்டார். பல ஆண்டுகள் கழித்து நீல்சன் ஒரு பளிங்குக் கல்லுக்கு ஏற்பாடு செய்தார். அது தயாராகிக்கொண்டிருந்த கல்தச்சர் முற்றத்துக்குள் தடம் புரண்ட ரயில் பாய்ந்து, கல் நொறுங்கியது. இறுதியில் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் பள்ளி ஆசிரியர்கள். சாரா சிகோர்னி ரைஸ் என்ற ஆசிரியையின் முன்முயற்சியில் 1865 முதல் மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் காசு காசாக நிதி திரட்டப்பட்டது. பத்தாண்டு உழைப்பில் சேர்ந்ததோடு, பிலடெல்பியாவின் பதிப்பாளர் ஜார்ஜ் சைல்ட்ஸ் மீதித் தொகையைத் தந்து உதவ, 1,500 டாலருக்குச் சற்று மேலான செலவில் நினைவுச்சின்னம் எழுந்தது. 1875 நவம்பர் 17 அன்று திறந்துவைக்கப்பட்டபோது, அழைக்கப்பட்ட பெருங்கவிஞர்களில் நேரில் வந்தவர் வால்ட் விட்மன் ஒருவரே. சின்னத்தில் பொறிக்கப்பட்ட பிறந்த தேதி ஜனவரி 20. சரியானது ஜனவரி 19.

நினைவுச்சின்னம் வெளியிலிருந்து தெரியும்படி தோட்டத்தின் முன்மூலையில் அமைக்கப்பட்டதால், பின்புறக் குடும்ப நிலத்திலிருந்து உடலைத் தோண்டி எடுத்து மாற்ற நேர்ந்தது. முதல் அடக்கத்தின்போது இருந்த ஸ்பென்சே இந்தத் தோண்டலையும் மேற்பார்த்தார். 26 ஆண்டுகளில் பெட்டி உளுத்துப்போயிருந்தது. உடைந்த மரத்துண்டுகளைச் சிலர் நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றனர். மண்டையோட்டுக்குள் உலர்ந்த கட்டி போன்ற ஒன்று உருண்டதாக அக்காலச் செய்தித்தாளில் வெளிவந்தது. அதை மூளை என்றே எண்ணினார்கள். எடுக்கப்பட்ட உடல் போவினுடையதுதானா என்ற ஐயமும் பிற்காலத்தில் கிளம்பியது. இரு நிகழ்வுக்கும் சாட்சியாக அதே காவலர் இருந்ததால் அந்த ஐயத்துக்கு வலு குறைவு என்றே கருதுகிறேன். மரியா கிளெம் 1871இல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். நியூயார்க்கின் ஃபோர்டாமில் இருந்த வர்ஜீனியாவின் கல்லறைத் தோட்டம் அழிக்கப்பட்டபோது அவருடைய எலும்புகளை போவின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஒருவர் மீட்டு ஒரு பெட்டியில் வைத்திருந்தார்; 1885இல் அவையும் கணவரின் அருகே வைக்கப்பட்டன.

இனி, முன்வைக்கப்படும் காரணங்கள். பரவலாக நம்பப்படுவது தேர்தல் மோசடி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பால்டிமோரில் அரசியல் கட்சிகளுக்காக வேலை செய்த கும்பல்கள், தனியாக அகப்படும் அந்நியர்களைக் கடத்தி ஓர் அறையில் அடைத்து, மதுவும் அபினும் கொடுத்து, உடையை மாற்றி மாற்றி வார்டு வார்டாக இழுத்துச் சென்று கள்ள ஓட்டுப் போட வைத்தன. புகைப்பட அடையாள அட்டை இல்லாத காலம். வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. தேர்தல் நாள், வாக்குச்சாவடியான மதுக்கடை, பொருந்தாத உடை, மயக்கம் என நான்கும் இந்த விளக்கத்தில் கச்சிதமாக அமர்கின்றன. அந்தக் கச்சிதமே என்னைத் தயங்க வைக்கிறது. இக்கோட்பாடு அச்சில் வருவது 1870களில்தான். வாக்கரோ நீல்சனோ அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பால்டிமோரில் பல ஆண்டுகள் வாழ்ந்த, முகம் தெரிந்த ஒருவரை அந்நியர்போல் பல சாவடிகளுக்கு இழுத்துச் செல்வது கும்பலுக்கே ஆபத்து. ஆனால் இது நடந்திருக்கவே முடியாது என்று தள்ளவும் இயலாது. அது ஐந்து நாட்களின் இறுதிப் பகுதியை விளக்கக்கூடும். ரிச்மண்டிலேயே இருந்த காய்ச்சலை விளக்காது.

1996இல் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த மருத்துவர் மைக்கேல் பெனிடெஸ், பெயர் மறைத்துக் கொடுக்கப்பட்ட ஒரு நோயாளியின் விவரங்களை ஆராய்ந்து வெறிநாய்க்கடி நோய் என்று முடிவு சொன்னார். அந்த நோயாளி போ என்பது பிறகே வெளிப்பட்டது. பிதற்றல் ஏறி இறங்குவது, நான்கு நாட்களில் மரணம் ஆகியவை அவருக்கு ஆதரவானவை. ஆனால் தண்ணீர் விழுங்கச் சிரமப்பட்டார், மது மறுத்தார் என்ற முக்கியச் செய்திகள் மோரனின் பிற்காலப் பேச்சிலிருந்து வருபவை. 1849 கடிதத்தில் தண்ணீர் பற்றி எதுவும் இல்லை. கடித்த விலங்கு பற்றியும் சான்று இல்லை. மூளைக்கட்டிக் கோட்பாடு இன்னும் சற்று மதிக்கத்தக்கது. இறந்த உடலில் மூளை விரைவில் அழிந்துவிடும்; ஆனால் சுண்ணம் ஏறிய கட்டி நிலைத்திருக்கலாம். மண்டையோட்டில் உருண்டது அதுவாக இருக்கக்கூடும். 1847இல் அவரைக் கவனித்த செவிலித் தோழி மேரி லூயிஸ் ஷூ, மூளையின் ஒரு பக்கத்தில் புண் இருப்பதாகக் கருதியதை எழுதிவைத்திருக்கிறார். எனினும் ஒரு செய்தித்தாள் வரியின் மேல் நோயை நிறுவ முடியாது.

குடிநிறுத்த நடுக்கம், அதாவது குடிக்குப் பழகிய உடல் திடீரென அதை நிறுத்தும்போது படும் பாடு, என்ற பழைய விளக்கமே மோரனின் 1849 கடிதத்தோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. கைகால் நடுக்கம், வியர்வை, சுவரில் உருவங்கள், மூர்க்கம் ஆகியவை அதன் பாடப்புத்தக அறிகுறிகள். ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்ததும் அதே வகை. ஸ்னாட்கிராசும் கிரிஸ்வோல்டும் இதைத் தங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்காக, போவின் மேல் அன்பு கொண்ட வாசகர்கள் இதை முற்றிலும் மறுப்பது சரியல்ல. குடிநோய் ஒழுக்கக் கேடு என்று அன்றைய சமூகம் பார்த்த பார்வைதான் தவறு. காய்ச்சலோடு பயணம் தொடங்கி, வழியில் உறுதிமொழி உடைந்து, அல்லது பிறரால் உடைக்கப்பட்டு, ஏற்கெனவே நலிந்த உடல் தாங்காமல் போயிருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடைய வரைபடம். மூளை அழற்சி ஏதேனும் உடன் இருந்ததா என்பதை அந்தக் கடிதத்தால் தீர்மானிக்க முடியாது. தற்கொலை எண்ணம் இருந்ததா என்று அவருடைய எழுத்தின் மொழியைக் கணினி கொண்டு அலசி 2020இல் வெளியான ஆய்வும், கடைசி ஆண்டில் மனச்சோர்வு சீராகக் கூடியதற்கான அடையாளத்தைக் காணவில்லை.

நஞ்சுக் கோட்பாடுகளுக்கு மட்டும் பொருள்வழிச் சோதனை சாத்தியமாயிற்று, ஏனென்றால் போவின் தலைமுடி பாதுகாக்கப்பட்டிருந்தது. மரணத்துக்கு முந்தைய மாதங்களில் பாதரச அளவு உயர்ந்திருந்தது. காலரா பரவிய பிலடெல்பியாவில் மருந்தாகக் கொடுக்கப்பட்ட கலோமெல் என்ற பாதரச உப்பு அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த அளவு நஞ்சாகும் அளவைவிட மிக மிகக் குறைவு. விளக்கெரிவாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாக்கியிருக்கும் என்ற கருத்துக்கும் முடிச் சோதனை உறுதி தரவில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது; உடலில் சேர்ந்த உலோகங்களை மாதக் கணக்கில் பதிவு செய்யும். செப்டம்பர் 28க்கும் அக்டோபர் 3க்கும் இடையில் ஒரு மனிதர் எந்த அறையில் இருந்தார், கையில் கோப்பையைக் கொடுத்தது யார், மேலங்கியை யார் கழற்றினார்கள் என்பதற்கு அதனிடம் பதிவு இல்லை.